நல்லதை அடியில் வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஹாலிஎலவிலிருந்து வந்த மாட்டுவண்டிக்காரர் வழக்கம்போலக் கூடையை இறக்கினார். இறக்கியவர் போகாமல், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மொதலாளி, மூக்காயி அம்மா நேத்து சாயந்தரம் தவறிட்டாங்க. நேத்து காலையில அவுங்களே அடுக்கி வச்ச கூட இது. மகதான் ஏத்தி விட்டுச்சு" என்றார். பதுளைக் கடைவீதியில் இத்தனை வருடம் வியாபாரம் செய்கிறேன். அன்று தராசைப் பிடிக்கக் கை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்காயி அம்மையார் மதுரைப் பக்கத்தில் பிறந்தவர். பசறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் கொழுந்து பறித்தார். கணவர் இறந்ததும் மகளை அழைத்துக்கொண்டு தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியேறி, ஹாலிஎலவில் ஒரு சிங்களப் பெரியவரின் ஓடைக்கரை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அரை ஏக்கர் இருந்தால் அதிகம். அதில் போஞ்சி, கோவா, நோக்கோல் என்று மலைக்காய்கறி எல்லாம் போட்டார்.

முதல் கூடையைச் சுமந்துகொண்டு அவர் என் கடைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உலகத்தில் எல்லோரும் நல்ல காயை மேலே அடுக்குவார்கள். இவர் கூடையில் மேலே கிடந்ததெல்லாம் கோணல் போஞ்சி, பூச்சி கடித்த கோவா. நாலு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பொழுது போகட்டுமே என்று கூடையைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது முதல் தரமான காய்!

"ஏம்மா, தலைகீழா அடுக்கியிருக்கீங்களே?" என்றேன்.

"கெட்டத மொதல்ல பாத்துட்டா, அப்புறம் எடுக்கிறதெல்லாம் சந்தோசந்தானே மொதலாளி?" என்றார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "கொழுந்து நிறுக்கிற எடத்துல தெனமும் கணக்கப்புள்ள என் கூடையில முழங்கை வரைக்கும் கைய விட்டுத் துழாவுவாரு. அடியில முத்தல் எலைய ஒளிச்சி வச்சிருக்கேனாம். இருபது வருசம் பொறுத்துக்கிட்டேன். இனிமே என் கூடைக்குள்ள ஒருத்தரும் கைய விட்டுத் துழாவப்படாது."

அன்றிலிருந்து அவர் கூடை என் கடையில்தான் இறங்கியது.

மூன்றாம் வருடம் ஆடி மாதம் ஒரு சோதனை வந்தது. ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். எங்கள் பக்கம் காய்ந்த காற்றுத்தான். ஓடை நூலாகிவிடும், போஞ்சி சுருண்டுவிடும், போகம் முடிந்துவிடும். அந்த முறை நிலக்காரப் பெரியவர், கடை வியாபாரத்தை நம்ப முடியாது, போகம் முழுக்க நிரந்தரமாக வாங்குகிற வீடு இருந்தால்தான் அடுத்த போகத்துக்கு நிலம் என்று சொல்லிவிட்டார். நான் ஓடித் திரிந்து ஒரு துரை பங்களாவில் பேசினேன். ஒரு கூடை அனுப்புங்கள், பிடித்திருந்தால் அடுத்த போகம் முழுக்க வாங்குகிறோம் என்றார்கள். கையில் இருந்ததோ போகத்தின் கடைசிக் கூடை. பாதிக்குப் பாதி கோணல்.

"இந்த ஒரு தடவை மட்டும் நல்லதை மேலே வைங்க" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஊருக்கு நடந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தலை மறைந்ததும் கூடையைக் கொட்டி, நல்லதையெல்லாம் மேலே வைத்து அனுப்பினேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு!

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் கூடை திரும்பி வந்து கிடக்கிறது. அடியில் சொத்தையை ஒளித்து ஏமாற்றுகிறாள் என்று பங்களா சமையற்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தப் பழியை அந்த அம்மா தோட்டத்தில் இருபது வருடம் பொறுத்துக்கொண்டாரோ, அதே பழியை நான் அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். கூடையைப் பார்த்தார். "இது என் கை அடுக்குனது இல்லியே" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "வாங்க மொதலாளி, போவோம்" என்றார்.

பங்களாவின் சமையலறை வாசலில் கூடையைக் கொட்டினார். துரைசாணியும் சமையற்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, நல்லதை அடியில் வைத்து, கோணலை மேலே வைத்து, ஒவ்வொன்றாக அடுக்கினார். "இதுதாங்க நாங் குடுத்த கூட. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன்." மாற்றி அடுக்கியது நான்தான் என்று நானும் சொன்னேன். சமையற்காரர் எல்லாவற்றையும் இங்கிலீசில் எடுத்துச் சொன்னார். துரைசாணி மேலே கிடந்த கோணல் போஞ்சி ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். அடுத்த போகம் முழுக்க வாங்கிக்கொள்கிறேன், ஆனால் கடைக்காரர் கைபடாமல் கூடை நேரே இங்கே வரட்டும் என்றார். எனக்கு வேண்டியதுதான்!

மூக்காயி அம்மா உடனே சொன்னார்: "இல்லீங்க, மொதலாளி கட வழியாத்தான் வரும். நாலு கட தொரத்துன கூடைய எறக்க எடங் குடுத்தவரு அவரு. ஒரு நாள் புத்தி கெட்டதுக்காக அவர விட்டுட முடியாதுங்க." நிலம் தங்குவதும் போவதும் அந்தப் பதிலில் இருந்தபோது சொன்ன வார்த்தை அது. துரைசாணி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இறங்கி வரும்போது என் கண் கலங்கியிருந்ததை அவர் பார்க்காதது போல நடந்தார்.

நிலம் நிலைத்தது. கடைவீதியில் அவர் கூடைக்குத் தனி மரியாதை ஏற்பட்டது. யாரும் கிளறிப் பார்த்து வாங்குவதில்லை. அவர் காய் என் கடையில் இறங்கியது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இதுவும் ஆடி மாதம். இந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கூடையும் போகத்தின் கடைசிக் கூடைதான். நான் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் கடை முகப்பில் வைத்தேன். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு ஆபீஸ் கிளாக்கர் ஐயா குனிந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடியில் கையை விடப் போனார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அன்று கூடையைத் திருப்பி அனுப்பிய அதே பங்களா சமையற்காரர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"கைய எடுங்க ஐயா. அது மூக்காயி அம்மா கூட."

போய் வாருங்கள், அம்மா. உங்கள் கூடைக்குள் இனியும் ஒருவரும் கையை விட்டுத் துழாவ மாட்டார்கள். நாங்கள் நிற்கிறோம்.