தம்பி தொடக்கூடாத பாராங்

நாற்பத்தாறு வயதுவரை வெங்காயம் நறுக்கும் கத்தியைத் தவிர வேறெதையும் நான் பிடித்ததில்லை. எனக்கு வாய்தான் நீளும், கை நீளாது. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க் வேலை. அங்கே வரும் லோரிக்காரர்கள்கூட என்னிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை காலை ஹார்ட்வேர் கடையில் போய் நின்று பாராங் வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்கு உலர்ந்துவிட்டது.

பாராங் என்றால் புல்லும் புதரும் வெட்டுகிற நீளக் கத்தி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் புல் ஞாபகம் வராது. என் தம்பிதான் ஞாபகம் வருவான்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் குடியிருப்புத் தாமானில் சுற்றிய ஒரு ரௌடிக் கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம், ஒரு கார் வந்து கேட்டுக்கு முன்னால் அவனைத் தள்ளிவிட்டுப் போனது. முதுகு தோளிலிருந்து இடுப்புவரை பிளந்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா அந்தக் கையைத் தன் முந்தானையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். ஆம்புலன்ஸ் போன பிறகு நான் வாசலைக் கழுவினேன். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றியும் டைல்ஸ் இடுக்கில் சிவப்பு போகவில்லை.

அதோடு விட்டானா பாவி? தையல் பிரித்த ஏழாம் வாரம் போய், தன்னை வெட்டியவனைத் தேடிப் பிடித்து வெட்டினான். பதினோரு வருடம் உள்ளே இருந்தான். இவன் கையால் வெட்டுப்பட்டவனை நான் ஒரே ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். வலது கை மடியில் செத்த மாதிரி கிடந்தது, இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எனக்கு இலை போட்டாகிவிட்டது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி போன வருடம் வெளியே வந்தான். மாதம் இரண்டு தடவை போலீஸ் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சின்னத் தப்பு என்றாலும் மறுபடி உள்ளேதான். வேலை கேட்ட இடத்திலெல்லாம் பழைய கதை தெரிந்ததும் கையை விரித்தார்கள். எங்கள் வீடு மூலை வீடு, பக்கத்தில் கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் கழுவிக் கொடுக்கிறேன் என்றான். நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் இடுப்பளவு லாலாங் புல்லும், காட்டுக் கொடியும், பட்டுப்போன கொய்யா மரமும் மண்டிக் கிடந்தன. கூலிக்கு ஆள் வைத்தால் கொட்டகைக்கு வைத்திருக்கும் பணம் போய்விடும்.

"நான் வெட்டுறேன்கா. ரெண்டு நாள் வேல," என்றான்.

"நீ தொடாத. உன் கையில பாராங்கப் பாத்தா எவனாவது போன் அடிப்பான். நான் வெட்டிக்கிறேன்."

"நீயா?" சிரித்தான். வெளியே வந்த பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அக்கா, நீ கருவேப்பிலை ஒடிக்கவே கையில கீறிக்குவ லா."

ஹார்ட்வேர் கடைக்குள்ளும் அவனை விடவில்லை. வெளியே நில் என்றேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே ஆறேழு கத்திகளை எடுத்து மேசையில் பரப்பினார். நான் இருப்பதிலேயே நீளமான, பளபளவென்று இருந்ததைத் தூக்கினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கதவைக் கொஞ்சம் திறந்து, கால் உள்ளே வைக்காமல், அங்கிருந்தே சொன்னான்.

"அது சினிமாவுக்கு. நீளமா இருந்தா உன் மணிக்கட்டு தாங்காது, அது போற பக்கம் நீ போவ. முழங்கை நீளத்துக்கு ஒண்ணு எடு. பிடிய இறுக்கிப் பிடி. விரல் நுனி உள்ளங்கைய லேசாத் தொடணும். தொட்டா உன் கைக்குச் சரி. இப்ப பிடியத் தட்டிப் பாரு. கடகடன்னு ஆடுதா? ஆடினா வை. வெட்டும்போது பிடி கையில இருக்கும், கத்தி பறந்துரும்."

தவுக்கே அவனை ஏற இறங்கப் பார்த்தார். மடக்கிவிட்ட சட்டைக் கைக்குக் கீழே பச்சை குத்தியது, இடது கையில் மூன்றே விரல். பிறகு மரப்பிடி போட்ட குட்டைக் கத்தி ஒன்றை என் பக்கம் தள்ளினார். இவனுக்கு இவ்வளவு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டேன். அரம் ஒன்றும் சேர்த்து வாங்கினேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம், ஞாயிறு என்றால் காலையிலிருந்து, வெட்டினேன். தம்பி பத்தடி தள்ளி, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினான்.

"செருப்போட வராத, பூட்ஸ் போடு. கால அகட்டி நில்லு. புல்லக் கையால பிடிக்காதக்கா! கொக்கிக் குச்சியால இழுத்துப் பிடி. நேரா ஓங்காத, சாய்ச்சு வெட்டு, கத்தி உன்ன விட்டு வெளிய போகணும். தவறினா எங்க போய் நிக்கும்னு பாத்துட்டு ஓங்கு. அங்க உன் கால் இருக்கா? அப்ப நகரு."

"வாத்தியாரே, வாய மூடுறீங்களா?"

"கை சோந்துபோச்சு உனக்கு. கீழ வை. போதும் இன்னிக்கு."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, மூன்றாம் நாள் உடைந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஓங்கி இறக்கும்போது கொடி அறுந்து விழுகிற சத்தத்தில், வருடக்கணக்காக உள்ளே கிடந்த ஆத்திரமெல்லாம் இறங்கியது. அந்தக் கூட்டத்தை வெட்டினேன். கேட்டில் தள்ளிவிட்டுப் போன காரை வெட்டினேன். சில நேரம் இவனையும்தான் வெட்டினேன்.

அடுக்களை ஜன்னலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. வெட்டி முடித்ததும் பாராங்கை உறையில் போட்டு, அரத்தையும் சேர்த்து, கார் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். "வெளிய வச்சா பனியில துரு பிடிக்கும்," என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வேன். கார் 'பீப் பீப்' என்று கத்தும். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அமுக்குவேன். சாவி என் தலையணைக்கு அடியில்.

இரண்டாம் வாரம் கத்தி மழுங்கிவிட்டது. புல் அறுபடாமல் மடங்கியது. அரத்தை வைத்து நான் தேய்த்துப் பார்த்தேன், சத்தம்தான் வந்தது.

"குடுக்கா, அஞ்சு நிமிஷம். தீட்டித் தரேன்."

"வேணாம்."

"இங்கயே, உன் முன்னாடியே உக்காந்து தீட்டுறேன். மழுங்கின கத்திதான்கா ஆள வெட்டும். கூரா இருந்தா மரத்துல இறங்கும். மழுங்கினா வழுக்கும்."

"வேணாம்னா வேணாம். ஒரு தடவ சொன்னாப் புரியாதா?"

அவன் வாளிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். கொய்யா மரத்தின் அடிக்கட்டை ஒன்றுதான் மிச்சம். கொய்யாக் கட்டை இரும்பு மாதிரி இருந்தது. நாலைந்து வெட்டு வெட்டியும் வெள்ளையாகத் தழும்பு விழுந்ததே தவிர, இறங்கவில்லை. கை சோர்ந்துபோயிருந்தது. "நிறுத்துக்கா," என்று தம்பி சொன்னது காதில் விழுந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஓங்கினேன். கத்தி கட்டையில் பட்டு வழுக்கித் திரும்பி, பூட்ஸுக்கு மேலே, என் இடது முழங்காலுக்குக் கீழே நின்றது.

முதலில் வலிக்கவில்லை. எலும்பில் இடித்த சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தால் சதை வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் ரத்தம் குபுகுபுவென்று வந்து பூட்ஸை நிறைத்தது. நான் அப்படியே மல்லாந்து விழுந்தேன்.

தம்பி பாய்ந்து வந்தான். மறுபடி என்மேல் விழுந்துவிடாமல் பாராங்கைப் பிடுங்கித் தூர எறிந்தான். சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினான். "என்னையே பாரு. கண்ண மூடாத," என்றான். முழங்கைவரை அவனுக்கு ரத்தம்.

அப்போதுதான் அம்மா வெளியே ஓடி வந்தாள். வெற்றுடம்போடு என்மேல் குனிந்திருந்த மகனையும், கீழே கிடந்த பாராங்கையும் பார்த்தாள்.

"ஐயோ! கொன்னுட்டானே! சொந்த அக்காவையே வெட்டிட்டானே!"

அந்தக் குரல் தெருமுனைவரை போயிருக்கும். எதிர்வீட்டு அங்கிள் இரும்புக் குழாயோடு ஓடி வந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர். முதல் அடி அவன் தலையில் விழுந்தது. இரண்டாவது முதுகில், பழைய தழும்புமேலேயே. பட்ட காலிலேயே படும் என்பார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன். உதைத்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். "வுடுடா அவள! வுடுடா நாயே!" அவன் விடவில்லை. ஒரு கையைத் தூக்கி அடியைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இரண்டு கையும் என் காலில்தான் இருந்தது.

"அடிங்க அங்கிள், கைய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. எடுத்தா ரத்தம் போயிரும்," என்றான். அவன் நெற்றியிலிருந்து ரத்தம் என் முகத்தில் சொட்டியது.

நான் கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். ஊரையே விலைக்கு வாங்குகிற என் வாயிலிருந்து அன்று காற்றுதான் வந்தது. போலீஸ் வந்து அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டியபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதல் வார்த்தையாக, "நானே வெட்டிக்கிட்டேன்," என்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெண் போலீஸ் என் கையைத் தடவிக்கொடுத்து, "பயப்படாம சொல்லுங்க அக்கா, அவன் இங்க இல்ல," என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். கடைசியில் காலைத் தைத்த டாக்டர்தான் காப்பாற்றினார். வெட்டு மேலிருந்து சாய்ந்து இறங்கியிருக்கிறது, எதிரே நின்று ஒருவன் வெட்டினால் இப்படி விழாது என்றார். இவ்வளவு அமுக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த அம்மா உயிரோடு வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்றும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை அவனை விட்டார்கள். நான் வீட்டுக்கு வர நான்கு நாள் ஆயிற்று. அவன் தலையில் ஒன்பது தையல், ஒரு கண் திறக்கவில்லை. எதிர்வீட்டு அங்கிள் பெண்டாட்டியிடம் ஆப்பிள் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, மீன் குழம்பு ஊற்றிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மாவ மன்னிச்சிருடா," என்றேன். "ரத்தத்தப் பாத்துட்டு என்னமோ நெனச்சிட்டாங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னான். "அம்மா ஒரு நிமிஷம்தான்கா நெனச்சாங்க. நீ மூணு வாரம் நெனச்ச. தெனமும் ரெண்டு தடவ பீப் பீப்னு கேக்கும்."

அந்த ஐந்து நிமிடத்தை அவனுக்குக் கொடுத்திருந்தால் கத்தி கொய்யாக் கட்டையில் இறங்கியிருக்கும்.

பாராங்கைப் போலீஸ் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் என் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. ஊன்றுகோலோடு வாசலுக்குப் போய், பட்டப்பகலில், எதிர்வீடு பார்த்துக்கொண்டிருக்க, பாராங்கையும் அரத்தையும் அவனிடம் நீட்டினேன். "தீட்டுடா," என்றேன்.

அவன் வாளிமேல் உட்கார்ந்து, கத்தியைக் கழுவி, பிடியைத் தொடைக்கு அடியில் அண்டக் கொடுத்து, கூர்ப்பக்கம் தன் உடம்பை விட்டு வெளியே பார்த்திருக்க, மூன்று விரலால் முதுகைப் பிடித்துக்கொண்டு அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளித் தீட்டினான். சரியாக ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தான். உறையில் போட்டு, பிடி என் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நீட்டினான்.

"இந்தாக்கா. கார்ல வச்சுப் பூட்டிரு, துரு பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனான்.