முழங்கையால் திறக்கும் குழாய்

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு விசாலம் காப்பிப்பொடி இரவல் வாங்க வந்தாள். வந்தவள் பொடியை மறந்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்ன மாமி... ஆத்துக்குள்ள ஆஸ்பத்திரிக் குழாய்?"

நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினேன். தண்ணீர் கொட்டியது. இந்தப் பக்கம் ஒரு தள்ளு. நின்றது. எப்படி என் செலக்‌ஷன் என்று கேட்டேன். பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மருமகள் சாரதா தலை நிமிரவில்லை.

அவள் ஏன் நிமிரவில்லை? அதைத்தான் இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு மலையாள தேசத்துக் கரமனையில். கிணற்றடியில் குந்திப் பாத்திரம் தேய்க்க என் முழங்கால்கள் மறுத்துவிட்டன. என் பிள்ளை ராமு, எங்கேயோ பழைய பங்களா இடிக்கிறார்கள் என்று போய், ஒரு வெள்ளை சிங்க் வாங்கி வந்தான். சிங்க்கா அது? இரண்டு குழந்தைகளை எதிரும் புதிருமாக உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். பாயசம் காய்ச்சுகிற என் பெரிய வெண்கல உருளி அதற்குள் சொப்பு மாதிரி இருந்தது.

குழாயை மட்டும் சாரதா பார்த்து வாங்கட்டும் என்றான் ராமு. எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக இந்தச் சமையலறையை ஆளுகிறவள் நான். ஒரு குழாய் வாங்கத் தெரியாதா?

சாலைக் கடைத்தெருவுக்கு நானே போனேன். பாத்திரக் கடையில் நாம் எப்படி வாங்குவோம்? கையில் தூக்கிப் பார்ப்போம். விரலால் சுண்டிப் பார்ப்போம். கனமும் நாதமும் இருந்தால் தீர்ந்தது. அப்படியே குழாயையும் வாங்கினேன். அந்தக் குழாய்க் கடையிலேயே கனமான பித்தளை. மாட்ட வந்த பிளம்பர் சுகுமாரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெயிட்டு நோக்கி வாங்க இது உருளியா மாமி?"

நீ மாட்டு என்றேன். மாட்டினான்.

கனம் இருந்ததே தவிர, நீளம் இல்லை. சிங்க் பாட்டுக்கு அகலமாகக் கிடக்க, தண்ணீர் சுவரோரமாக வழிந்தது. உருளியை வைத்தால் குழாய்க்குக் கீழே நுழையவில்லை. சொம்பில் பிடித்துப் பிடித்து ஊற்ற வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வாங்கினவள் நான் அல்லவா?

அது போதாதென்று பத்து. சாதம் தொட்ட கையை அலம்பாமல் வேறெதையும் தொடக்கூடாது — எங்கள் வீட்டில் அதற்குப் பத்து என்று பேர். கிணற்றடியில் ஒருத்தர் ஊற்ற, ஒருத்தர் அலம்புவோம். குழாயில்? கையை அலம்பக் குழாயைத் திறக்க வேண்டும். திறக்கத் தொட வேண்டும். தொட்டால் குழாயும் பத்து! இடது கையால் திறக்கலாமே என்பீர்கள். சாதப் பானை தேய்க்கிறவளுக்கு இடது கை ஏது, வலது கை ஏது?

ஆகவே சாரதா குழாயைத் தொடுவாள். நான் பின்னாலேயே போய், குழாய்மேல் ஒரு சொம்பு ஜலம் விடுவேன். அவள் மறுபடி தொடுவாள். நான் மறுபடி விடுவேன். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குமாஸ்தா. காலையில் ஓடுகிற ஓட்டத்தில் என்னையும் சொம்பையும் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ஒருநாள் காலண்டருக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். இது இங்கிலீஷ். ராமுவைக் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான் — சாரதாவுக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் தாராளமாகப் போங்கள் என்றேன். அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை தாங்க முடியாமல், அந்த வீட்டில் சமையலறை பெரிசா என்று சாரதாவைக் கேட்டேன்.

"சின்னதும்மா. குழாயும் சின்னது. ஆனா நான் தொட்டப்புறம் அதை யாரும் அலம்ப மாட்டா."

கோபமே இல்லை அந்தக் குரலில். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் சொம்பும் கையுமாக நின்றேன்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது. சாயங்காலம் அவள் வந்ததும், "அந்தக் குழாய் சரியில்லை. நாளைக்கு நீயே வந்து வேற பாரு" என்றேன். அவள் பையை ஆணியில் மாட்டினாள். பிறகு பூக்கட்டுகிற நாரை எடுத்தாள். சுவரிலிருந்து சிங்க்கின் நடு ஓட்டைவரை பிடித்து ஒரு முடிச்சு. உருளியை சிங்க்கில் வைத்து, அதன் உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. அவ்வளவுதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்தாள். அதே கடை. ஒவ்வொரு குழாயிலும் நாரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் கடைக்காரரிடம் ஏதோ சொல்ல, அவர் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கொக்குக் கழுத்து. பக்கத்தில் அகப்பைக் காம்பு மாதிரி நீளமாக ஒரு பிடி.

"இது ஆஸ்பத்திரிக்கு உள்ளதாக்கும் மாமி. ஆபரேஷனுக்கு முன்னே டாக்டர்மார் கைகொண்டு தொடப்படாதல்லோ... முழங்கை வச்சுத் தள்ளணும்."

தொடப்படாது! அப்படியானால் டாக்டர்களுக்கும் பத்து உண்டு. பேர்தான் வேறே.

கழுத்து நீளத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு — இரண்டும் சரியாக இருந்தன. இப்படி ஒன்று இருப்பது உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

"தினம் ஆபரேஷன் தியேட்டரைத் தாண்டித்தானே போறேன். அம்மாவுக்கு இதுதான் சரின்னு நினைச்சுப்பேன்."

"சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"நீங்கதான் வாங்கிண்டு வந்துட்டேளே."

நான் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சுகுமாரன் வந்து மாட்டினான். தண்ணீர் நேரே உருளியின் நடுவில் விழுந்தது. சாரதா சாதப் பானையைத் தேய்த்தாள். இரண்டு கையிலும் பத்து. முழங்கையால் ஒரு தள்ளு... கையை அலம்பினாள். மறுபடி ஒரு தள்ளு. பின்னாலேயே சொம்போடு நின்ற எனக்கு ஜலம் விட இடமே இல்லை. சொம்பைக் கீழே வைத்தேன். அப்போது விட்டேன் பாருங்கள் ஒரு மூச்சு — கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து பிடித்து வைத்திருந்தது.

சாரதா கையைத் துடைத்துக்கொண்டு காலண்டருக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்தாள். இப்போ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். ராமு அன்றைக்குத்தான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தான். எங்கள் மூவருக்கும் அன்றைக்கு இரண்டாம் தடவை காப்பி போட்டேன்.

இப்போது விசாலத்துக்கு வருகிறேன். அவளிடம் மட்டுமா? வருகிறவர்களிடமெல்லாம் என் செலக்‌ஷன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாரதா ஒரு தரம்கூட மறுத்ததில்லை. அன்றைக்கும் வெண்டைக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு உறுத்தியது. வாயால் சொல்ல வராது, அச்சில் சொல்லிவிடுகிறேன். குழாய், சாரதாவின் செலக்‌ஷன்.

என் செலக்‌ஷன் பரணில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் — கனத்துக்கு நான் உத்தரவாதம்.