அவள் போடாத கையெழுத்து

என் கடனை வசூலிக்க வந்த கம்பனி நீதிமன்றத்துக்கு அனுப்பிய கோரிக்கை நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், கடனாளிகள் என்ற இடத்தில், என் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரும் இருந்தது. பத்துத் தரம் வாசித்தேன். பத்துத் தரமும் இருந்தது.

இக்காஸ்ட் என்ற டெனிஷ் ஊரில் ஒரு வீடு வாங்கி இழந்திருந்தேன். துணி ஆலையில் ஆட்குறைப்பு வந்தது, தவணை நின்றது, வீடு ஏலத்தில் போனது. ஏலத்தில் வந்த பணம் முதல் ஈட்டுக் கடனுக்கே போதவில்லை. இரண்டாவது ஈட்டுக் கடன் முழுதாக என் தலையில் நின்றது. கட்ட வழியில்லாதவர்கள் நீதிமன்றத்தில் கேட்டால், ஐந்து ஆண்டுகள் இயன்றதைக் கட்டி, மிச்சத்திலிருந்து விடுபடலாம். எனக்கு மட்டும் அப்படிக் கேட்டிருந்தேன். மனைவியும் கடனாளி என்றால், கம்பனி அவளைத் தனியாகப் பிடிக்கும். முதியோர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று மாதம்.

அந்தக் கடனுக்கு எழுதிய ஈட்டுறுதிப் பத்திரத்தில் இருந்த கையெழுத்து அவளுடையதல்ல. நான் போட்டது.

குடும்பத்தை அழைக்க நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் தலைநகரில் அசையாமல் கிடந்த காலம் அது. பின்னாளில் அந்த இழுத்தடிப்பே தமிழர் வழக்கு என்று பெயரெடுத்து, இந்த நாட்டின் ஓர் அரசையே கவிழ்த்தது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எதைக் காட்டினால் இரங்குவார்கள் என்று ஆளுக்கொரு யோசனை. சொந்த வீடு இருந்து, அதில் மனைவியின் பெயரும் இருந்தால் கெதியாக உள்ளே விடுவார்கள் என்று நான் நம்பினேன். வீட்டை விற்றவர் மிச்சப் பணத்துக்கு என்னிடம் ஈட்டுறுதி கேட்டார்; அதைப் பிறகு இந்தக் கம்பனிக்கு விற்றுவிட்டார். மனைவியிடமும் கையெழுத்து வாங்கி வரும்படி தரகர் அந்தத் தாளைத் தந்துவிட்டார். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளுடைய கடிதமொன்றைப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் போட்டேன். சாட்சிக்கு அறைத்தோழர் இருவர், சோறு ஆறுகிறதென்று, என்ன தாள் என்றுகூடப் பாராமல் போட்டார்கள். ஊரில் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். காணி உறுதி என்றால் என்னவென்று தெரியாதவனல்ல.

அந்தக் கையெழுத்துக்கு ஐந்நூற்று எண்பத்திரண்டு நாள் கழித்து அவளும் பிள்ளைகளும் வந்திறங்கினார்கள். வீடு போய் நாற்பத்தொரு நாளாகியிருந்தது. கம்பனியின் கோரிக்கை வந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து.

நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி, மனைவியின் கடவுச்சீட்டில் அவள் வந்த திகதியைப் பார்த்துவிட்டு, கோரிக்கையை மறுக்க இது போதும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "அப்படியானால் யார் போட்டது என்று கேட்பார்கள்," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ரை கையெழுத்துத்தான் எண்டு சொல்லுறன். விசயம் முடிஞ்சுது."

"உம்மடை சம்பளத்தைப் பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும். உங்களைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டா? இவ்வளவு காலம் விசாவுக்குப் பாத்துக்கொண்டு இருந்தன். இனி மறியல்சாலை வாசலிலையும் நிக்கோணுமோ?"

"கோட்டிலை பொய் சொல்லப் போறீரோ?"

"ஓம். நீங்கள் மட்டும்தான் சொல்லலாமோ?"

ஹேர்னிங் நகர நீதிமன்ற அறையில் பதினொரு கதிரை, ஆறு பேர். கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று ஐந்து தரம் பார்த்துவிட்டேன். நீதிபதி ஈட்டுறுதியை மனைவியிடம் நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்குமுன்,

"ஓம் தம்பி, நான் போட்டதுதான்," என்றாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

கம்பனிக்காரர் பேனையைத் திறந்தார். நான் எழும்பினேன். டெனிஷில் பாடமாக்கி வைத்திருந்த ஏழு வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அவ அப்ப இந்த நாட்டிலையே இல்லை. நான்தான் போட்டனான்," என்று தமிழிலேயே சொல்லி, கடவுச்சீட்டை மேசையில் வைத்தேன்.

ஏன் போட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"வீட்டிலை அவவின்ரை பேர் இருந்தா விடுவினம் எண்டு நினைச்சன்."

மொழிபெயர்ப்பாளர் அதை டெனிஷில் சொல்ல வழக்கத்தைவிட நேரமெடுத்தார். அந்த மாதங்களில் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் எங்கள் விண்ணப்பங்களின் கதைதான். நீதிபதி உறுதியிலும் கடவுச்சீட்டிலும் இருந்த திகதிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பனிக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அவர் நாடியைத் தடவினார். மனைவி மீதான கோரிக்கையைக் கைவிடுகிறோம் என்றார். என்னிடம் நீதிபதி சொன்னது ஒரே வசனம்: இனி ஒருவருடைய பெயரையும் அவருக்காக எழுதாதீர்கள். அதற்குப் பிறகும் எட்டு மாதம், பொலிஸ் கடிதம் வருமென்று தபால்பெட்டியைத் திறக்கப் பயந்தேன். வரவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு மனைவி கேட்டாள்.

"நான் ஓம் எண்ட பிறகு ஆர் உங்களை எழும்பச் சொன்னது?"

"பயந்துபோனன்."

"எனக்கும் பயம்தான். எழும்பாமல் இருந்தன்தானே."

பிறகு, "அந்த வீட்டை ஒருக்காக் காட்டுங்கோ. இனி எனக்கும் அதுக்கும் கடன் இல்லை," என்றாள். அதுவரை அவள் கேட்டதில்லை. வெட்கத்தில் நானும் காட்டியதில்லை. இக்காஸ்டுக்குப் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்தினேன். யன்னல்களில் யாரோ மஞ்சள் திரை போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் காட்டினேன்: அது குசினி, மேலே இரண்டும் பிள்ளைகளுக்கு, வெயில் விழுகிற அந்த அறை உமக்கு. அவள் கார்க் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவும் எனக்கோ?"

"ஓம்."

"விசர் மனிசன். ஆர் இதையெல்லாம் கூட்டித் துடைக்கிறது?"

சொல்லிவிட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.