குவித்து அளந்த மருந்து

நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு வருகிற ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். எழுத்தாளர்கள் இருக்கிற இடத்தில் நானும் வந்து உட்காருவது தப்பாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயம் எனக்கு வாயால் சொல்ல வரவில்லை.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். துவக்கு என்றால் அவருக்குப் பைத்தியம். அங்கே குரோருட் பகுதியில் அவர்களுடைய வீட்டுப் படுக்கையறையில் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் இரண்டு துவக்குகள் இருந்தன. இரண்டுமே குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிறவை. பழையது கருமருந்துக்கானது. சுட்டுவிட்டு வந்தால் அதைச் சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவவேண்டும். குளியலறை முழுக்க அழுகின முட்டை நாற்றம். அதற்காக அக்காவுடன் சண்டை. அதனால் புதிதாக ஒன்று வாங்கினார். புகையில்லா மருந்தைத் தாங்கும்படி தடித்த இரும்பில் செய்த துவக்கு.

இரண்டு மருந்தும் ஒன்றல்ல. கருமருந்தைச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தால் முகந்து போடலாம். கொஞ்சம் கூடினால் தோளில் கொஞ்சம் பலமாக இடிக்கும், அவ்வளவுதான். புகையில்லா மருந்தை நிறுத்துத்தான் போடவேண்டும். அதே கிண்ணத்தால் முகந்தால் வெடியின் பலம் பல மடங்கு கூடிவிடும். எவ்வளவு தடித்த குழலாக இருந்தாலும் கிழியும்.

மாரிக் குளிர்காலம் முழுவதும் அவருடைய குசினியில், சமையல் மேசையில் ஒரு சின்னத் தராசை வைத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று துவக்கோடு வந்த தாளில் இருந்தது. அத்தான் எப்போதும் கூடிய அளவில் விரலை வைப்பார். நான் குறைந்த அளவில் விரலை வைப்பேன்.

"உனக்குப் பயமடா," என்பார்.

பயம்தான். போர் நடந்தபோது ஊரில் ஷெல் விழுந்த ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுக்காரரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லாததைக் கண்டவன் நான். அத்தானிடம் அதைச் சொன்னதில்லை. கடைசியில் அக்கா முறைத்த முறைப்பில் குறைந்த அளவுக்கே சம்மதித்தார். ஒவ்வொரு வெடிக்கும் வேண்டியதை நிறுத்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, ஒரு நீலப் பெட்டியில் வைத்தோம். குழலின் பின்பக்கத்தை மூடுகிற தடித்த திருகாணியைக் கழற்றும் சாவியும் அதற்குள்தான் இருந்தது.

பனி முழுக்கக் கரையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுத் துவக்கோடு காட்டுக்குள் இருக்கும் சுடுதளத்துக்குப் போனோம். என்னை அக்காதான் அனுப்பினார். அத்தானுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, பக்கத்தில் நில் என்றார். எங்களிடம் அக்கா பொரித்துக் கட்டித் தந்த ரோல்ஸ் இருந்தது. நீலப் பெட்டி இல்லை. அது குசினியிலேயே கிடந்தது.

போய் எடுத்து வருகிறேன் என்றேன். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த நோர்வேக்காரர் எங்கள் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்து, சுட வந்தீர்களா, சாப்பிட வந்தீர்களா என்று சிரித்தார். பகிடியாகத்தான் கேட்டார். நான் ஒரு ரோல்ஸை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். அத்தானின் காது சிவந்துவிட்டது. முதல்நாள் ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் வாங்கிய புகையில்லா மருந்து டப்பா காரில் இருந்தது. பழைய துவக்கின் பையும் இருந்தது. அதற்குள் பித்தளைக் கிண்ணம்.

எங்கள் வீடுகளில் அரிசியைச் சுண்டுக் குவளையால் அளக்கும்போது விளிம்போடு வழித்துவிடமாட்டோம். குவித்துத்தான் அளப்போம். வழிப்பது கஞ்சத்தனம். அத்தானின் கையும் அப்படித்தான் அளந்தது. டப்பாவுக்குள் கிண்ணத்தை விட்டு, கூம்பாக முகந்து, குழலுக்குள் கொட்டினார். குண்டை வைத்துக் கம்பியால் இடித்தார்.

"அத்தான், அது கருமருந்துக் கிண்ணம்."

"தெரியும்."

"நிறுக்காமல் போடேலாது."

"வாயைப் பொத்து. இவங்களுக்கு முன்னாலை என்னை மடையனாக்காதை."

மருந்தைப் பற்றவைக்கிற சின்ன வெடிமூடியைச் செருகி, துவக்கைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். அந்தக் கன்னத்தைத்தான் பார்த்தேன். விசைக்குப் போன அவருடைய கையைப் பாய்ந்து பிடித்தேன். அவர் முழங்கையைப் பின்னால் வீசினார். என் வாய்க்குள் ஏதோ உடைந்தது. நான் விடவில்லை. அவருடைய மணிக்கட்டைக் கடித்தேன். தோல் கிழிகிறவரை கடித்தேன். துவக்கு மேசையில் விழுந்தது, நாங்கள் பனியில் விழுந்தோம். அவர் என் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிலத்தில் மோதினார். நான் முழங்காலால் அவர் வயிற்றில் குத்தினேன். அதற்கு முன் நான் ஒருவரையும் அடித்ததில்லை. விசில் சத்தம் கேட்டது. தளப் பொறுப்பாளர் இன்னும் இரண்டு பேருடன் வந்து எங்களைப் பிரித்தார்.

வாயில் இரத்தத்தோடு, எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில், மருந்து பிழை என்றேன். நிறுத்தீர்களா என்று பொறுப்பாளர் அத்தானைக் கேட்டார். அத்தான் கிண்ணத்தைத் தூக்கிப் பைக்குள் போட்டார். வெடிமூடியை எடுத்துவிட்டு, பின் திருகாணியைக் கழற்றி மருந்தைக் கொட்டலாம் என்றார் பொறுப்பாளர். சாவி நீலப் பெட்டியில். உள்ளே மருந்தோடு அந்தத் துவக்கைக் காரில் ஏற்ற அவர் விடவில்லை. மேசையில், தளத்தில் கிடந்த பழைய டயர்களுக்கிடையில் வைத்துக் கட்டி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று விசையில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுடச் சொன்னார்.

அத்தான் தானே கட்டினார். "இப்பப் பார். சுட்டுக் காட்டிப்போட்டு உன்னை வெளுக்கிறன்," என்றார். எல்லோரும் சுவருக்குப் பின்னால் வந்தபிறகு கயிற்றை இழுத்தார்.

அது துவக்குச் சத்தம் இல்லை. நான் ஊரில் கேட்ட ஷெல் சத்தம். எட்டிப் பார்த்தபோது ஒரு டயர் பாதையில் உருண்டுகொண்டிருந்தது. குழல் பின்பக்கம் கிழிந்த தகரம்போல விரிந்து கிடந்தது. துவக்கின் மரக்கட்டையில் பாதியைக் காணவில்லை. பின் திருகாணி மேசைக்குப் பின்னால் இருந்த பலகையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. சிரித்த நோர்வேக்காரர் தின்று முடிக்காத ரோல்ஸைக் கையில் வைத்தபடி நின்றார்.

அத்தான் பலகைக்குப் போனார். ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டார். பிறகு அதே விரலால் தன் வலக்கண்ணைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று கைகளை உயர்த்தினேன். தன் சட்டைக் கையால் என் நாடியில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தார். அவருடைய மணிக்கட்டிலிருந்தும் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"பல் எங்கை?"

"தெரியேல்லை, அத்தான்."

"உன்ரை அக்கா கேப்பா. தேடு."

இருவரும் முழங்காலில் இருந்து பனியைக் கிளறினோம். பல் கிடைக்கவில்லை.

தளப் பொறுப்பாளர் அறிவித்திருக்கவேண்டும், அடுத்த நாள் பின்னேரம் இரண்டு போலீஸ்காரர் அத்தான் வீட்டுக்கு வந்து பழைய துவக்கையும் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தான் பஸ் ஓட்டப் போயிருந்தார். நான் பல் வைத்தியரிடம் போனேன்.