சீவலப்பேரி அத்தை பார்க்க வந்த படம்

எங்கள் பக்கத்துக்கு ரயில் வந்த புதிதில் நடந்தது இது. கல்லிடைக்குறிச்சிக்கு அடுத்த ஊரில், ஆற்றுக்குப் போகும் தெருவில், பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் நான் நாலாம் வகுப்பு. நாலோடு போதும் என்பது அப்பாவின் கட்சி. அஞ்சும் படித்தே தீருவேன் என்பது என் கட்சி. வாய் எனக்குத்தான் ஜாஸ்தி, ஆனால் வீடு அப்பாவுடையது.

அந்த வருஷம் பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து ஒரு புது வாத்தியாரம்மா வந்து சேர்ந்தார். சரஸ்வதி பூஜையன்று பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டி ஊராருக்குக் காட்டப் போகிறோம் என்று அவர் சொன்னதும் வகுப்பே ஒரே கலகலப்பாகிவிட்டது. அதுவரை நாங்கள் வரைந்ததெல்லாம் சிலேட்டில்தான். எச்சில் தொட்டு அழித்தால் தீர்ந்தது கதை. காகிதத்தில் வரைவதும், அதைப் பெரியவர்கள் வந்து நின்று பார்ப்பதும் நாங்கள் கேள்விப்படாத சங்கதி.

நான் வெள்ளம் வந்த ஆற்றை வரைந்தேன். நடு ஆற்றில் கல்மண்டபம் மூழ்கி உச்சி மட்டும் தெரியும். அந்த உச்சியில் ஒரு காக்கை. வெள்ளத்துக்குச் செங்கல் பொடி, வானத்துக்குச் சங்குப்பூச் சாறு, காக்கைக்கு அடுப்புக்கரி. கை, கன்னம், பாவாடை எல்லாம் வெள்ளக்காடு. அம்மா திட்டின திட்டு எதுவும் என் காதில் ஏறவில்லை.

வரைவதைவிடக் காட்டுவதுதான் கஷ்டம் என்று வாத்தியாரம்மா சொன்னார். வெறும் சுவருக்குப் பக்கத்தில் எங்களை வரிசையாக நிறுத்திப் பழக்கினார். "படத்துக்கு முன்னால நின்னு மறைக்கப்படாது. பக்கத்துல நிக்கணும். வாறவங்க முதல்ல பாக்கட்டும். பாத்து முடிச்சப்புறம், இது இன்னது, நான் வரைஞ்சதுன்னு சொல்லணும். தலையைக் குனியப்படாது" என்றார். தலையைக் குனியாதே என்று பெண்பிள்ளைகளிடம் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு ஒரே குஷி. வீட்டில் உறியைப் பார்த்து, உரலைப் பார்த்து, "இது நான் வரைஞ்சது" என்று சொல்லித் திரிந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் அப்பா ஒரு சேதி சொன்னார். "நாளைக்கு ஒங்க பள்ளிக்கூடத்துக்குச் சீவலப்பேரி அத்தையும் வாறா." அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள், பெரிய வீட்டுக்காரி. திருநெல்வேலி வரை வில்வண்டி, அங்கிருந்து ரயில். என் படத்தைப் பார்க்க ஒரு மனுஷி ரயிலேறி வருகிறாள் என்றால் சும்மாவா? அந்த அத்தை நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்பாவால் மறுத்துப் பேச முடியாது, அஞ்சாம் வகுப்பு என் கையில் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அம்மா எனக்குப் புதுப்பாவாடை எடுத்து வைத்தாள். தலை பின்னித் தாழம்பூ வைத்துத் தைத்தாள். கண்காட்சி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஊரே திரண்டு வந்தது. வந்தவர்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அன்றைக்கெல்லாம் சுவரில் மாட்டிய படமென்றால் சாமி படம்தான். செருப்புப் போட்டிருந்த ஒன்றிரண்டு பேர் வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். எல்லாரும் கை கூப்பிக்கொண்டு வலப்புறமாகவே சுற்றி வந்தார்கள். செட்டியார் வீட்டுப் பெண் வரைந்த பிள்ளையாருக்கு ஒருவர் குங்குமம் வைத்தார். இன்னொருவர் பூஜைத் தட்டிலிருந்த கற்பூரத்தைக் கொண்டுவந்து காட்டினார். காட்டின கையோடு, பக்கத்தில் தொங்கிய கத்தரிக்காய்ப் படத்துக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காகிதம் பற்றிக்கொள்ளுமே என்று வாத்தியாரம்மா ஓடிவந்து தட்டைப் பிடுங்க, பிள்ளையாரின் தும்பிக்கை கரிபிடித்ததுதான் மிச்சம். அந்தப் பெண் அழவில்லை. தன் படத்துக்குத் தீபாராதனை நடந்த பெருமையில் நிமிர்ந்து நின்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. என் காக்கையை யார் கும்பிடுவார்கள்?

அப்போதுதான் அத்தை வந்தாள். கூடவே அப்பா. அத்தை நேரே என் பக்கம் வந்தாள். வேறு படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழகினபடி பக்கத்தில் நின்றேன். தலையைக் குனியவில்லை.

"இது வெள்ளம் வந்த ஆறு. நான் வரைஞ்சது" என்றேன்.

"குரல் நல்லா கணீர்னு இருக்கு" என்றாள் அத்தை. "ஏட்டி, அங்கன போயி ஒரு செம்பு தண்ணி கொண்டா. பைய நட, ஓடாத."

கொண்டுவந்து கொடுத்தேன். என் பின்னலைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள்; விரலில் ஒட்டியிருந்த செங்கல் பொடியைத் தன் முந்தானையால் துடைத்தாள். அடுப்பு மூட்டுவேனா, கோலம் போடுவேனா என்று கேட்டாள். ரயிலில் வந்த களைப்பையும் பாராமல் இவ்வளவு நேரம் என் படத்தருகில் நிற்கிறாளே என்று நான் பூரித்துப் போனேன்.

"படத்தையும் பாருங்கம்மா" என்றார் வாத்தியாரம்மா. குரலில் ஒரு வெடுக்கு இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்துவிட்டது. அத்தை முகம் சுளித்துப் போய்விட்டால் என் அஞ்சாம் வகுப்பு என்னாவது?

நல்லவேளை, அத்தை முகம் சுளிக்கவில்லை. "எனக்குத் திருப்திதான் தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியேறினாள். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் வாத்தியாரம்மாவிடம் திரும்ப ஓடி, ஜெயித்துவிட்டேன், அடுத்த வருஷமும் வருவேன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

ஐப்பசி பாதியில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தையில் கல்யாணம் என்றார்கள். மாப்பிள்ளை, அத்தையின் மகன். அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். பிறகு ஒரு யோசனை தோன்றி நானே சமாதானமானேன். என் படத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்தவள்தானே அத்தை. அவள் வீட்டில் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலா இருப்பாள்? கல்யாணத்தில் நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லாரும் அதிசயப்பட்டார்கள்.

சீவலப்பேரிக்கு மறுவீடு போன அன்று, அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பேச்சை எடுக்குமுன் நைச்சியமாக ஆரம்பிக்கலாம் என்று, "அத்தை, என் படத்துல ஒங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன்.

"எந்தப் படம்ட்டி?" என்றாள் அத்தை.

பாவம், வயசாகிவிட்டது, மறந்துபோயிருப்பாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, வெள்ளம் எதுவரை வந்தது, மண்டபம் எவ்வளவு மூழ்கியது, காக்கை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.