யோஹன்னே எங்கள் மண்டபத்துக்கு வந்த நாள்

யோஹன்னே போய்விட்டார். இன்று காலை அவரின் மகள் மெசேஜ் போட்டிருந்தாள்… நித்திரையிலேயே போய்விட்டாராம்.

தெரியாதவர்களுக்கு… டென்மார்க்கில், ஒடென்சே நகரத்து முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்தவர். கிறீன்லாந்தின் பூர்வகுடியான இன்யூட் பெண். படம் கீறுவார், எழுதுவார். லீவு போட்டுவிட்டு நோர்வே, கனடா, நியூசிலாந்து என்று கலைவிழாக்களுக்குப் போய்வருவார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். "டிக்கெட்டும் ஹோட்டலும் அவங்கள்தானே தாறது?" என்று கேட்பேன்.

"ஓம். பனிக்குப் போடுற கடல்நாய்த் தோல் சப்பாத்தையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுவாங்கள்," என்பார்.

ஒருமுறை கொதிக்கிற வெயிலில், தெற்கே ஏதோ ஒரு நகரத்தில், அந்தச் சப்பாத்தோடு பின்னேரம் முழுக்க நிற்க வைத்தார்களாம். "கால் அவிஞ்சு போச்சு. அதைவிட வெக்கம்… நானும் போட்டுக்கொண்டுதானே நிண்டனான்."

அவர் எழுதியதெல்லாம் போன இடங்களைப் பற்றித்தான். விமான நிலையங்கள், ஹோட்டல் அறைகள், விருந்துகளில் ஒருவரோடு கதைத்தபடியே இன்னொரு பெரிய ஆளைத் தேடுகிற கண்கள்… பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. பனியும் வேட்டையும் வேண்டுமாம்.

"அவங்கள் எங்கடை ஊருக்கு வந்து எழுதினா அது பயண இலக்கியம். நான் அவங்கடை ஊரை எழுதினா, இது உன்ரை குரல் இல்லை எண்டுறாங்கள்."

பிறகு 2009 மே. இலங்கையில் சண்டை முடிந்தது என்று டீவியில் சொன்ன கிழமை. இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் ஒரு மண்டபம் எடுத்து அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். யோஹன்னே தானும் வருகிறேன் என்றார்.

கறுப்பு மையில் ஒரு படம் கீறிக்கொண்டு வந்திருந்தார். கடற்கரை நிறையச் சனம். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு…

வாசலில் நின்ற ஓர் அண்ணை, எனக்கு நன்றாகத் தெரிந்தவர், பெயர் வேண்டாம். பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். "இந்தக் கிறீன்லாந்துக்காரியை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? குடிச்சிட்டுத்தான் வந்திருப்பாள்." சொல்லிவிட்டுப் பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோனார்.

கிறீன்லாந்துக்காரரைப் பற்றி டெனிஷ்காரர் சிலர் அடிக்கிற அதே பகிடி. அதை எங்கள் ஆள்… எங்கள் செத்தவீட்டில்…

"அண்ணை, அவ என்னோடை வந்தவ," என்றேன். அவர் மறுபக்கம் பார்த்தார்.

"நீ ஒண்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அந்த விரல் எல்லா நாட்டிலையும் ஒண்டுதான்," என்றார் யோஹன்னே.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் திரும்பிப் போகவில்லை. படத்தைச் சுவரில் ஒட்டினார். செத்தவர்களின் பெயர்கள் வாசித்து முடியும்வரை, ஒரு சொல்லும் விளங்காமல், கடைசி வரிசையில் எழும்பி நின்றார்.

அடுத்த வருடம் கனடாவில் ஓர் இலக்கிய விழா. அங்கே வாசிக்க எங்கள் மண்டபத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார். போக முதல், ஸ்டாஃப் ரூமில் எனக்கு வாசித்துக் காட்டினார். மெழுகுதிரி, பால் விடாத பிளேன்ரீ, தங்களுக்குள் டெனிஷில் குசுகுசுத்த பிள்ளைகள்… எல்லாம் இருந்தது. அந்த அண்ணை மட்டும் இல்லை.

"அந்தாளை ஏன் விட்டனீங்கள்?"

"கூட்டம் முடிய அவர் என்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு அழுதவர். ஊரிலை அவற்றை தங்கச்சி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை எண்டு நீதானே சொன்னனீ… ஒரு நாள் வந்துபோற நான், அந்த ஆளை அந்த விரலாலை மட்டும் எழுதக்கூடாது. என்னை அப்பிடித்தான் எழுதுறவங்கள்."

நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

இன்று அந்த அண்ணைக்குப் போன் எடுத்துச் செய்தியைச் சொன்னேன்.

"அவவுக்கு அண்டைக்கு நான் காட்டினது விளங்கினதோ, பிள்ளை?"

"ஓம் அண்ணை. விளங்கினது."

பிறகு, "எந்தச் சேர்ச்சிலை செத்தவீடு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். போய் வாருங்கள், யோஹன்னே… நாங்கள் பின்வரிசையில் நிற்போம்.