ஒரே சுற்றில் மூன்று ஷூ

டான்ஸ் டீச்சர் என்றால் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருப்பாள் என்று ஊர் நினைக்கிறது. நான் ஆடிய நேரத்தைவிட டி.வி. முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். எண்பதுகளில் ஆண்டுவிழாவுக்கு நடனம் பழக்கிய எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும். "அந்த வீடியோவுல வர்ற மாதிரியே வேணும் டீச்சர்" என்று பிள்ளைகள் ஒரு கேசட்டோடு வந்து நிற்பார்கள். நம் தூக்கம் அன்றோடு போச்சு.

விழாத பம்பரம்

ஒரு பெண்கள் கல்லூரி விழாவுக்காக அங்கே படித்த ஜெயந்தி வீடியோ கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பாட்டுக் கேசட் கொண்டுவந்தாள். செல்லூர்ப் பெண். வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வாள். பாட்டில் ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்காமல் சுற்றுகிறாள். ஜெயந்தியும் சுற்றினாள். சுற்றிச் சுற்றி என் வீட்டுப் பீரோமேல் போய் விழுந்தாள்.

வாடகை வீடியோ டெக்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சுற்று ஆரம்பிக்கும்போது வெள்ளை ஷூ. நடுவில் கறுப்பு. முடியும்போது சிவப்பு! அது ஒரே சுற்றே இல்லை, மூன்று துண்டு. டிரம் விழுகிற அதே நொடியில் துண்டு மாறுவதால் காது கண்ணை ஏமாற்றிவிடுகிறது. சந்தோஷத்தில் திரும்பத் திரும்பப் போட்டு டேப்பில் அந்த இடத்தையே தேய்த்துவிட்டோம். டெக்கைத் திரும்ப வாங்கிய கடைக்காரர் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டுக் கேக்க எடுத்துட்டுப் போறீங்கன்னு பார்த்தா, போஸ்ட்மார்ட்டம் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்களே!"

மிதக்கும் முடி

டெக்கையும் கேசட்டையும் மறுபடி எடுத்துவந்தோம். அடுத்த தலைவலி: பாட்டுக்காரி நடக்கிறாள், முடி மேகம் மாதிரி மெதுவாக மிதக்கிறது, வாய் மட்டும் பாட்டோடு சரியாக அசைகிறது. படத்தை மெதுவாக ஓட்டினால் வாயும் மெதுவாகத்தானே போகணும்? இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

ஜெயந்தி விளையாட்டாக வேகமாக ஓட்டும் பட்டனை அமுக்கினாள். நடை சாதாரண நடையானது, முடி ஒழுங்காகத் தோளில் விழுந்தது. வாய் மட்டும் பேய்வேகத்தில் படபடத்தது. அப்படியானால் படம் பிடித்தபோதே பாட்டை வேகமாக ஓடவிட்டுப் பாடவைத்து, பிறகு படத்தை மெதுவாக்கியிருக்கிறார்கள்! இரண்டு பேரும் குதித்த குதியில் பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "என்ன டீச்சர், லாட்டரி கீட்டரி விழுந்துருச்சா?"

மணலில் டக் டக்

விழாவுக்கு மைக் செட்டும் விளக்கும் போடும் பாண்டி அண்ணனுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். கடற்கரையில் ஆடுகிறாள், ஷூ 'டக் டக்' என்கிறது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணலில் ஏது டக்? அதைத் தனியாகத் தட்டிப் பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்றேன். உடனே அவர் மேடையில் பலகை அடித்து, அடியில் ஒரு மைக்கைக் கட்டினார். ஜெயந்தி அதன்மேல் ஒரு மிதி மிதித்தாள். ஹால் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்: "ஆத்தா, இம்புட்டு எடையா நீ?"

இரண்டு ஜெயந்தி

எங்கள் மேடைச் சுற்றுக்கு ஒரே உயரம், ஒரே உடையில் மூன்று பெண்கள். டிரம் விழும்போது பாண்டி அண்ணன் ஒரு நொடி விளக்கை அணைப்பார். இருட்டில் ஆள் மாறணும். பிரின்சிபால் அம்மாவுக்கு இருட்டு என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. "ஒரு சின்னக் குழப்பம் வந்தாலும் இந்தக் காலேஜ்ல இனிமே இந்த மாதிரி டான்ஸே கிடையாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் மாற்றம் கச்சிதம். இரண்டாவதில் அண்ணன் கை அவசரப்பட்டுவிட்டது. வெளிச்சம் வந்தபோது மேடையில் இரண்டு பேர்! போகவேண்டியவள் போகவில்லை, ஜெயந்தி உள்ளே வந்துவிட்டாள். விளக்கை அணைக்கச் சொல்லித் திரைக்குப் பின்னாலிருந்து அண்ணனுக்குக் கையை ஆட்டினேன். ஆனால் அவர்கள் நிற்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், கண்ணாடியும் பிம்பமும் மாதிரி சேர்ந்தே சுற்றினார்கள். பலகை இடித்தது, ஹால் முழுக்க எழுந்து கூச்சல் போட்டது.

பிரின்சிபால் நேரே மேடைக்குப் பின்னால் வந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஒரு பொண்ண எப்படி டீச்சர் ரெண்டாக்குனீங்க? அடுத்த வருஷம் நாலாக்கிருங்க!"

நம் தொழிலில் திட்டம் போட்டபடி நடந்தால் சம்பளம், கோணலாக நடந்தால்தான் பேரும் புகழும்.